குறைந்த செலவில் முதல் போல்ட் றைபிள்: அத்தானுக்கு எதைச் சொல்வது?

நெடுங்கேணி விவசாயி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் வசிக்கும் எனது அத்தான், வருகிற இலையுதிர் காலத்தில் வேலையிடத்து நண்பர்களுடன் பரி சவுண்ட் பக்கத்துக் காடுகளுக்கு மான் வேட்டைக்குப் போக எண்ணியிருக்கிறார். கனடிய துவக்குப் பாதுகாப்பு வகுப்பையும் வேட்டைக் கல்வி வகுப்பையும் முடித்து, முதல் முறை விண்ணப்பிப்போருக்குரிய 28 நாள் காத்திருப்பும் கழிந்து, உரிம அட்டை கைக்கு வந்துவிட்டது. வயலில் பன்றிக் காவலுக்காக அரச உரிமத்துடன் ஒரு 12 போர் சொட்கன் வைத்திருப்பவன் நான் என்பதால், "உனக்குத்தான் துவக்கு தெரியும், எதை வாங்குவது என்று சொல்லு" என்று என்னிடம் கேட்கிறார். எனக்குத் தெரிந்தது சொட்கன் மட்டும்தான். போல்ட் றைபிளை நான் கையில் எடுத்ததே இல்லை.

தொலைநோக்கியையும் சேர்த்து ஆயிரம் கனடிய டொலருக்கு மேல் போக அவருக்கு வசதியில்லை. சவேஜ் அக்சிஸ், றூகர் அமெரிக்கன், மொஸ்பேர்க் பேட்ரியட் ஆகியவற்றைக் கடையில் காட்டியிருக்கிறார்கள். டிக்கா நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள், ஆனால் அதன் விலை ஏறக்குறைய இரு மடங்கு. விலை குறைந்த துவக்கு என்றால் குறியும் குறைந்துதான் இருக்குமா? எந்தத் தோட்டா பொருத்தம்? கைமாறிய பழைய துவக்கை வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தர வேண்டும்.

குளக்கட்டு எழுதியது:

தம்பி, நான் முத்தையன்கட்டில் பிறந்து வளர்ந்தவன். கனடாக் கடைகளில் என்ன பெயர்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது, ஆனால் துவக்கை வாங்குவதற்கு முன் ஆளைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். எங்கள் அப்புவிடம் சண்டைக்கு முந்திய காலத்தில் உரிமத்துடன் ஓர் இடியன் இருந்தது. மருந்தும் சன்னமும் இடித்து அடைத்தால் ஒரு வெடி. அது தவறினால் மறுபடி அடைப்பதற்குள் பன்றி அடுத்த குளத்தைத் தாண்டிவிடும். ஆகையால் குறி ஒத்துவராத வெடியை அவர் வைப்பதே இல்லை. விடியும்வரை பரணில் இருந்துவிட்டு ஒரு வெடியும் வைக்காமல் இறங்கி வந்த நாட்கள்தான் அதிகம். போல்ட் றைபிளும் ஏறக்குறைய அந்த இனம்தான். ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்டைத் தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளிப் பூட்டவேண்டும். முதல் வெடியில் கருமம் முடியவேண்டும் என்ற எண்ணத்தோடு போகிறவனுக்கு உரிய ஆயுதம் அது.

அப்பு என் தோளுக்கு ஒரு துவக்கைப் பொருத்திப் பார்த்த முறையைச் சொல்கிறேன். வெறுந் துவக்கு என்பதைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தபின், ஆளில்லாத பக்கமாக நின்று கண்ணை மூடச் சொல்வார். மூடிய கண்ணோடு துவக்கைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்தபின் கண்ணைத் திறக்க வேண்டும். குறிமுனை நேராகக் கண்ணுக்கு முன் நின்றால் அந்தத் துவக்கு எனக்குரியது. கழுத்தை நீட்டித் தேடினால் கட்டை நீளம். மூக்கு பெருவிரலில் இடித்தால் கட்டை குட்டை. உங்கள் அத்தான் கடையில் இதைத்தான் முதலில் செய்யவேண்டும். அவருடைய உயரம், எந்தக் கைப் பழக்கம், எவ்வளவு அடர்ந்த காடு என்பவற்றையும் எழுதுங்கள்.

சட்பரி மாங்குளத்தான் எழுதியது:

ஐயா சொன்னது முழுவதும் சரி. நான் 14 ஆண்டுகளாக வடக்கு ஒன்ராறியோவில் மானுக்கும், மூஸ் என்ற பெரிய மானினத்துக்கும் போய்வருகிறேன். விலையைப் பற்றிய கேள்விக்குச் சற்று நீட்டியே பதில் எழுதுகிறேன்.

இன்றைய மலிவு றைபிள்களில் உற்பத்தியாளர்கள் குழலில் காசு மிச்சம் பிடிப்பதில்லை. கட்டையிலும், தோட்டாக்கூட்டிலும், போல்டின் வழவழப்பிலும், மேற்பூச்சிலும்தான் பிடிக்கிறார்கள். இதற்கு வழி திறந்தது சவேஜ் நிறுவனத்தின் 1958ஆம் ஆண்டின் 110 மாதிரி. அதை வடிவமைத்த நிக்கலஸ் புரூவர், குழலை ஒரு பெரிய சுரையால் (நட்) இறுக்கிப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார். தோட்டாவின் அடிக்கும் போல்டின் முகத்துக்கும் இடையில் இருக்கவேண்டிய மயிரிழை இடைவெளியை, தேர்ந்த கம்மாளர் ஒவ்வொரு துவக்குக்கும் அரம் போட்டுச் சரிசெய்யத் தேவையில்லை. அளவுகோலை வைத்துச் சுரையை இறுக்கினால் போதும். செலவு இறங்கியது, குறி இறங்கவில்லை. குழலும் உடலும் சேரும் இடத்தில் அந்தச் சுரையை அக்சிஸிலும் காணலாம். 2011ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான றூகர் அமெரிக்கனும் இதே வழியில் வந்ததுதான். நல்ல தோட்டாவுடன் இவற்றில் பெரும்பாலானவை 100 யாரில் மூன்று வெடிகளை ஒன்று முதல் ஒன்றரை அங்குலத்துக்குள் போடும். மானின் நெஞ்சறை எட்டு அங்குலத்துக்குக் குறையாது. காட்டில் நடக்கும் தவறு பெரும்பாலும் துவக்கினுடையதாக இராது.

மலிவுத் துவக்கின் உண்மையான குறை அதன் பிளாஸ்ரிக் கட்டைதான். முன்கட்டை மெலிந்து வளைந்து கொடுப்பதால், மரக்கொப்பில் ஊன்றிக் குறிவைக்கும்போது அது குழலை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், சன்னமும் இடம் மாறும். கடையில் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு காசுத்தாளை இரண்டாக மடித்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழைத்து உடல்வரை இழுத்துப் பார்க்கவேண்டும். பிறகு முன்கட்டையைக் கையால் அழுத்திக்கொண்டு மறுபடி இழுக்கவேண்டும். இரண்டு தடவையும் தாள் தடையின்றி ஓடினால் நல்லது. அழுத்தும்போது சிக்கினால், அதே மாதிரியில் வேறொன்றை எடுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது விசை. பழைய அக்சிஸில் விசை கனமாக இருக்கும். இழுக்கும்போதே குறி அசையும். அக்சிஸ் 2 என்பதில் அக்யூரிகர் எனப்படும், நடுவில் சிறு தகடு கொண்ட விசை இருக்கிறது. சில டொலர் கூடினாலும் இரண்டாவதையே எடுக்கவேண்டும். போல்டைத் தூக்கும் கோணத்தையும் பாருங்கள்: றூகரிலும் டிக்காவிலும் 70 பாகை, அக்சிஸில் 90 பாகை. தொலைநோக்கி பூட்டியபின், தடித்த கையுறை போட்ட கைக்கு அந்த 20 பாகை வேறுபாடு நன்றாகவே தெரியும்.

தோட்டாவைப் பொறுத்தவரை என் சொல் .308 வின்செஸ்டர். 1952இல் சந்தைக்கு வந்தது. சின்னப் பட்டினத்துக் கடையிலும் கிடைக்கும், பலவகைச் சன்னங்களில் கிடைக்கும், மானுக்கும் மூஸுக்கும் கறுப்புக் கரடிக்கும் போதும். உதைப்புக்குப் பயப்படுகிறவருக்கு 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் நல்ல தெரிவு. .243 இன்னும் மென்மையானது, மானுக்குச் சரி, ஆனால் பின்னாளில் மூஸுக்குப் போகும் ஆசை வந்தால் குறைவாகத் தோன்றும். 1906இல் பிறந்த .30-06 இன்றைக்கும் குறைவற்ற தோட்டாதான், இருந்தாலும் புதியவருக்கு .308ஐ விட உதைப்பு ஒரு படி கூட.

நெடுங்கேணி விவசாயி எழுதியது:

உதைப்பைப் பற்றி அவர் பயப்படமாட்டார். ஊருக்கு வந்திருந்தபோது பக்கத்தில் நின்று என் 12 போரின் உதைப்பைப் பார்த்து, இதைவிட மோசமாக இராது என்று சொன்னவர். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். காடு அடர்த்தி என்றும், 80 யாருக்கு மேல் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்றும் சொல்கிறார். நம்முடைய பாலையும் வீரையும் நிற்கும் காடுபோலத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

குளக்கட்டு ஐயா கேட்ட மற்றக் கேள்விக்குப் பதில் எழுதும்போதுதான் எனக்கே அது நினைவுக்கு வந்தது. அத்தான் இடக்கையர். மண்வெட்டி பிடிப்பதும் பந்து எறிவதும் இடக்கையால்தான். இது துவக்கைப் பாதிக்குமா?

சட்பரி மாங்குளத்தான் எழுதியது:

நிச்சயமாகப் பாதிக்கும், இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் தவறான துவக்கை வாங்கியிருப்பார். வழக்கமான றைபிளில் போல்டின் கைபிடி வலப்பக்கம் இருக்கிறது. இடத்தோளில் வைத்துச் சுடுகிறவர் ஒவ்வொரு தடவையும் துவக்கைத் தோளிலிருந்து இறக்கியோ, இடக்கையை மேலால் சுற்றிக் கொண்டுபோயோ போல்டை இயக்கவேண்டும். இரண்டாவது வெடி தேவைப்படும் நேரத்தில் மான் கண்ணிலிருந்து மறைந்துவிடும். போல்டின் வாய் திறக்கும் பக்கமும் முகத்துக்கு எதிரே வருகிறது. தோட்டா வெடித்துக் கிழிவது அரிது, ஆனால் கிழிந்தால் அந்த வாயு முகத்தில் அடிக்கும்.

எந்தக் கை என்பதை விட எந்தக் கண் என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு துவாரம் விட்டு, தூரத்திலுள்ள விளக்குக் கம்பத்தை இரண்டு கண்ணும் திறந்தபடி அதற்குள் பார்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கலாம். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் துவாரத்துக்குள் நிற்கிறதோ, அதுவே ஆளும் கண். இடக்கண் ஆள்கிறதென்றால் இடக்கைத் துவக்கைத் தவிர வேறொன்றும் வேண்டாம். சவேஜ் நெடுங்காலமாக இடக்கைத் துவக்குகளைச் செய்துவரும் நிறுவனம், அக்சிஸ் 2 இடக்கையிலும் கிடைக்கிறது. கடையில் இல்லாவிட்டால் வரவழைத்துத் தருவார்கள்; சில கிழமைகள் காத்திருப்பதில் நட்டமில்லை.

துணுக்காய் இளைஞன் எழுதியது:

பழைய .303 லீ என்பீல்ட் கைமாறி வாங்குவது மலிவாக இராதா? எங்கள் தாத்தா பொலிஸில் இருந்த காலத்தில் அதைத்தான் வைத்திருந்தார் என்றும், சேற்றில் விழுந்தாலும் வேலை செய்யும் என்றும் சொல்லுவார். மற்றது, அப்படியொரு றைபிளை எங்கள் பக்கம் பன்றிக் காவலுக்கு எடுக்க முடியுமா?

சட்பரி மாங்குளத்தான் எழுதியது:

தாத்தா சொன்னதில் பிழையில்லை. கனடாவின் வடபகுதியில் காவலிருக்கும் ரேஞ்சர்கள் 1947 முதல் எழுபது ஆண்டுகளுக்குக் கிட்ட அந்த லீ என்பீல்டைத்தான் சுமந்தார்கள், கடுங்குளிரில் அது உறையாமல் இயங்கியதே காரணம். பின்னர் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சி19 என்பது டிக்காவின் ரி3எக்ஸ் வடிவத்திலிருந்து செய்யப்பட்ட .308 போல்ட் றைபிள்தான். ஆனால் முதல் துவக்காக என்பீல்டை நான் சொல்லமாட்டேன். போரில் உழன்ற குழல் தேய்ந்திருக்கலாம், போல்ட் இன்னொரு துவக்கினுடையதாக மாறியிருக்கலாம், இரண்டையும் அளக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் சுடக்கூடாது. தொலைநோக்கி பூட்டுவதற்கு இடமுமில்லை. தோட்டாவும் .308ஐ விட அரிது. இவற்றையெல்லாம் கூட்டினால் மலிவு போய்விடும். கைமாறியதுதான் வேண்டுமென்றால், 1962 முதல் செய்யப்பட்டுவரும் ரெமிங்டன் 700 அல்லது ஜப்பானில் செய்யப்படும் ஹோவா 1500 போன்றவற்றில் நல்ல நிலையில் உள்ளதைத் தேடலாம், ஆனால் அவற்றில் இடக்கை கிடைப்பது அரிது.

விதானையார் மகள் எழுதியது:

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். துணுக்காயில் உள்ள ஒரு விவசாயி பயிர்காப்புக்காக விண்ணப்பிக்கக்கூடியது சொட்கனுக்குத்தான். கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், பொலிஸ், மாவட்டச் செயலகம் என்று விண்ணப்பம் நகரவேண்டும், உரிமம் கிடைத்தபின் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இதற்கு அடிப்படை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவர பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. காட்டுப்பன்றி அப்படிப் பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல என்பதால்தான் வயலில் அதைச் சுட இடமிருக்கிறது. அத்தான் கனடாவில் உரிமத்தோடு மானுக்குப் போவதைப் பார்த்து, இங்கே யாரும் அதே எண்ணத்தோடு காட்டுக்குள் இறங்கக்கூடாது. விலங்குக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கில் கால் இழந்த இரண்டு பேர் எங்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். ஒருவர் விறகுக்குப் போனவர், மற்றவர் தன்னுடைய மாட்டைத் தேடிப்போனவர்.

வற்றாப்பளை மகள் எழுதியது:

எட்மன்ரனிலிருந்து எழுதுகிறேன். சட்பரி அண்ணாவுடன் ஓர் இடத்தில் நான் உடன்படவில்லை. இன்னும் ஓர் ஆண்டு சேமித்து டிக்கா ரி3எக்ஸ் வாங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாக்கோ தொழிற்சாலையில் செய்யப்படும் அதன் போல்ட், வெண்ணெயில் கத்தி ஓடுவதுபோல ஓடும். இடக்கையும் இருக்கிறது. நானும் என் கணவரும் தொடக்கத்தில் மலிவான ஒன்றை வாங்கி, மூன்றாம் ஆண்டில் விற்று, மறுபடி டிக்கா வாங்கினோம். இரண்டு தடவை காசு போனது.

தொலைநோக்கியைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த முதல் துவக்குக்குக் கடைக்காரரே தொலைநோக்கியைப் பூட்டித் தந்தார். முதல் பருவத்தில் 60 யாரில் நின்ற மானை என் கணவர் தவறவிட்டார். காயம் எதுவும் படவில்லை என்பது மட்டுமே ஆறுதல். வீட்டுக்கு வந்து பார்த்தால், அடித்தகட்டின் இரண்டு ஆணிகள் விரலால் திருகக்கூடிய அளவுக்குத் தளர்ந்திருந்தன. யார் பூட்டித் தந்தாலும், வீட்டில் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, இறுக்கும் அளவைக் காட்டும் திருகியால் மறுபடி பூட்டவேண்டும்.

சட்பரி மாங்குளத்தான் எழுதியது:

தங்கச்சி, காசு இருந்தால் டிக்காதான் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆண்டு காத்திருந்து டிக்கா வாங்குவதைவிட, இந்த ஆண்டே அக்சிஸ் வாங்கி, மிச்சப்பட்ட காசில் ஐந்தாறு பெட்டித் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுகிறவர் நல்ல வேட்டைக்காரராக வருவார் என்றே நம்புகிறேன். காட்டில் நான் சந்தித்த புதியவர்களில் பலர் ஆண்டுக்கு ஒரு பெட்டிகூடச் சுடாமல், விலையுயர்ந்த துவக்கோடு வந்து நிற்பவர்கள்.

தொலைநோக்கியில் 3 முதல் 9 மடங்கு, 40 மில்லிமீற்றர் ஆடி போதும். அடர்ந்த காட்டில் அதை 3இலேயே வைத்திருக்க வேண்டும். 9இல் வைத்துக்கொண்டு நடந்தால், முப்பது யாரில் மான் எழும்பும்போது கண்ணுக்கு வெறும் மயிர்தான் தெரியும். அக்சிஸ் 2 எக்ஸ்பி என்ற பொதியில் புஷ்னெல் பேனர் 3-9 தொலைநோக்கி பூட்டியே வருகிறது. சிறந்த ஆடி என்று சொல்லமாட்டேன், அந்திக் கருக்கலில் சற்று மங்கும், ஆனால் முதல் இரண்டு பருவங்களுக்குத் தாங்கும்.

குளிரைப் பற்றி நம் ஆட்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஊரில் துவக்குக்கு எண்ணெய் தாராளமாகப் போடுவோம், மழைக்காலத்துக்கு அது சரி. அங்கே உறைநிலைக்கு இருபது பாகை கீழே போனால் தடித்த எண்ணெய் பசையாகி, போல்டுக்குள் இருக்கும் ஊசி சோம்பலாக அடிக்கும், தோட்டா வெடிக்காது. போல்டைத் துடைத்து, மெல்லிய படலம் மட்டும் விடவேண்டும். மாலையில் குளிர்ந்த துவக்கைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் முழுவதும் வேர்த்துத் துரு பிடிக்கும். உறையிலிட்டுப் பூட்டியபடி உள்ளே கொண்டுவந்து, மெல்லச் சூடேறவிட்டு, பிறகு திறந்து துடைக்கவேண்டும்.

குளக்கட்டு எழுதியது:

தொலைநோக்கி என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. அசைவது என்ன என்று பார்ப்பதற்குத் துவக்கின் தொலைநோக்கியைத் தூக்கக்கூடாது. அது ஒரு மனிதராக இருந்தால், அவர்மேல் நீங்கள் துவக்கை நீட்டிவிட்டீர்கள். கழுத்தில் தனியாக ஒரு சிறு பார்வைக்கருவி தொங்கவேண்டும். அதற்கு ஐம்பது டொலரை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் துவக்குக்குக் கணக்குப் போடவேண்டும்.

நெடுங்கேணி விவசாயி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மாதங்கள் கழித்து எழுதுகிறேன், விபரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இடக்கண்தான் ஆளும் கண் என்று சோதனையில் தெரிந்தது. .308இல் இடக்கை அக்சிஸ் 2 எக்ஸ்பி ஒன்றைக் கடையில் வரவழைத்தார்கள். உரிமத்தைச் சரிபார்த்து, அதற்குரிய எண்ணைப் பெற்றபின்தான் கையளித்தார்கள். முதலாவது துவக்கில் முன்கட்டையை அழுத்தியபோது காசுத்தாள் சிக்கியதால் அதைத் திருப்பிக் கொடுத்து, இன்னொன்று வரும்வரை காத்திருந்தார். கண்ணை மூடித் தோளில் ஏற்றியபோது கட்டை அவருக்குச் சற்று நீளமாகவே இருந்தது. கட்டையின் அடியிலுள்ள ரப்பர் மெத்தையை மெல்லியதாக மாற்றியபின் சரியாகிவிட்டது. வற்றாப்பளை அக்கா சொன்னபடி தொலைநோக்கியின் ஆணிகளைக் கழற்றிப் பூட்டினார், ஒன்று உண்மையிலேயே தளர்ந்திருந்ததாம்.

சுடுதளத்தில் மூன்று வகைத் தோட்டாக்களைச் சோதித்தார். முதல் வகை 100 யாரில் மூன்று அங்குலத்துக்குச் சிதறியது. 150 கிரெயின் எடைச் சன்னத்துடன் வந்த இரண்டாவது வகை ஒன்றேகால் அங்குலத்துக்குள் மூன்றையும் போட்டது, அதையே வைத்துக்கொண்டார். குறியை 100 யாரில் இரண்டு அங்குலம் மேலே வைத்திருக்கிறார், அப்படியானால் ஏறக்குறைய 200 யாரில் குறியோடு ஒத்துவரும் என்று அங்கே சொன்னார்களாம். மூன்று பெட்டிகள் முடிந்துவிட்டன. ஊன்றிச் சுடுவது கைவந்துவிட்டது, முழங்காலில் இருந்து சுடும்போது மட்டும் எட்டு அங்குல வட்டத்துக்கு வெளியே போகிறது.

நவம்பரில்தான் அவர்களுடைய பருவம். அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் முழங்காலில் இருந்து இருபது வெடிகள் சுடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். 50 யாரில் அந்த வட்டத்துக்குள் இருபதும் விழாவிட்டால், இந்தப் பருவத்தில் ஊன்றுகோல் இல்லாமல் மானுக்கு நேரே துவக்கை நீட்டுவதில்லை என்று குளக்கட்டு ஐயாவுக்குச் சொல்லச் சொன்னார்.

குளக்கட்டு எழுதியது:

சொல்லுங்கள் தம்பி, எனக்கு மெத்தச் சந்தோசம். இருபதுக்கு முன் பத்தை நிதானமாகச் சுடச் சொல்லுங்கள். தோள் களைத்தபின் சுடுவது பழக்கமாகாது.